‘டிக்’ சத்தம் மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டுமா?

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் நன்றாக எரிகின்றன, ஆனால் இன்ஜின் அசையவில்லை. நான்கைந்து முறை முயன்ற பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பழைய டீசல் ஃபோர் வீல் வாகனம் வைத்திருப்போர் பலருக்கு இது பழகிப்போன தொல்லை.

பட்டறைக்குப் போனால், “ஸ்டார்ட்டர் போய்விட்டது, வேறு போட வேண்டும்” என்ற பதில் கிடைக்கலாம். அதற்குப் பல நூறு ரிங்கிட் செலவாகும். ஆனால், இந்த ஒற்றைச் சத்தத்துக்குப் பல நேரங்களில் காரணமாக இருப்பவை மோட்டாருக்குள் தேய்ந்துபோன இரண்டு சிறிய செப்புத் தகடுகள்தான். அவற்றின் விலை சில பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.

பட்டணத்தில் வண்டி நின்றால் அரை நாள் வேலை கெடும். தோட்டத்து நிலைமை வேறு. மழைக்காலத்தில் செம்மண் பாதையில் ஃபோர் வீல் மட்டுமே ஓடும் இடங்கள் இன்னும் உள்ளன. பிரசவ வலி கண்டவரையோ பாம்பு கடித்தவரையோ தார்ச்சாலைக்குக் கொண்டு சேர்க்க அந்த ஒரு வண்டிதான் இருக்கும். ஆகவே, ‘அஞ்சாவது தடவை ஸ்டார்ட் ஆகிவிடும்’ என்று நம்பி ஓட்டுவது ஆபத்து.

உள்ளே என்ன நடக்கிறது?

டீசல் இன்ஜின் காற்றைப் பல மடங்கு அழுத்துகிறது. அதைச் சுழற்றப் பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் மின்சாரம் பாய வேண்டும். சாவியின் மெல்லிய வயர் அதைத் தாங்காது. அதனால்தான் ஸ்டார்ட்டரில் சோலினாய்டு என்ற காந்த சுவிட்ச் இருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரத்தைத் தள்ளி, இன்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்சக்கரத்தோடு கோக்கிறது. அதோடு, ஒரு செப்பு வட்டை இரண்டு செப்புத் தகடுகளின் மேல் அழுத்தி, பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே தீப்பொறி பறந்து செம்பு கொஞ்சம் கரையும். போதிய அளவு கரைந்த பிறகு ‘டிக்’ என்று சோலினாய்டு இழுக்கும், ஆனால் வட்டு தகட்டைத் தொடாது. டோயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் வாகனங்களில் வரும் டென்சோ ஸ்டார்ட்டர்களில் இது மிகப் பரவலான பழுது. தகடுகளையும் வட்டையும் மட்டும் மாற்றினால் போதும்.

சத்தமே பாதி பதிலைச் சொல்லும்

‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகக் கேட்டு விளக்குகளும் மங்கினால், பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் தளர்வு. விளக்கு மங்காமல் ஒரே ‘டிக்’ என்றால், செப்புத் தகடு, கார்பன் பிரஷ் அல்லது கேபிள். மோட்டார் மட்டும் ‘வீர்’ என்று சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால், சிறு பல்சக்கரத்தின் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது. இரும்பு உராயும் ‘கரகர’ சத்தம் என்றால், பற்கள் தேய்ந்துள்ளன. சத்தமே இல்லையென்றால், ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோ கியர் வண்டியாக இருந்தால் ‘N’-இல் வைத்தும் முயன்று பார்க்கலாம்.

மோட்டாரைக் கழற்றும் முன்

மலிவான மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது கேபிள். ஒருவர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுச் சாவியைத் திருப்ப, மற்றவர் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த முனைக்கும் இடையே அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு கேபிளில் அல்லது டெர்மினலில் உள்ளது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேற்றிலும் உரத்திலும் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் புதிதாகப் போட்ட பிறகும் பழைய தொல்லை தொடர்ந்தால், பெரும்பாலும் இந்த எர்த்தைப் பார்க்காததுதான் காரணமாக இருக்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறந்து கை வெந்துவிடும்.

போல்ட்டுகளைக் கழற்றும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்வது அவசியம்; கனமான பொருள், முகத்தில் விழலாம். கழற்றிய ஓட்டை வழியே ஃப்ளைவீல் பற்களை முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஏறக்குறைய ஒரே இடங்களில் வந்து நிற்பதால், அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கும். மாட்டும் முன் இரும்பு முகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான ஸ்டார்ட்டர்களுக்கு அந்த உடலே எர்த். நெகட்டிவ் கேபிளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

ஹாஃப் கட் கடையில் பழைய மோட்டார் வாங்குவோர், தங்கள் மோட்டாரையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுவது நல்லது. போல்ட் துளை, பற்களின் எண்ணிக்கை, வோல்ட் மூன்றும் பொருந்த வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் சில லேண்ட் குரூசர் டீசல்களில் 24 வோல்ட் ஸ்டார்ட்டர் இருக்கும். அது 12 வோல்ட் வண்டியில் சோம்பலாகத்தான் சுற்றும்.

நீண்ட நாள் உழைக்க

ஒரு முறை 10 விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்துச் சுற்றக் கூடாது. ஸ்டார்ட் ஆகாவிட்டால், அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிட வேண்டும். டீசலில் குளோ பிளக் விளக்கு அணைந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். மேலிருந்து இன்ஜின் எண்ணெய் ஸ்டார்ட்டர் மேல் ஒழுகினால், அதை முதலில் அடைக்க வேண்டும். கழுவும்போது தண்ணீர் ஜெட்டை நேராக மோட்டார் மீது பாய்ச்சக் கூடாது. ஆற்றைக் கடக்கையில் இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

அவசரத்தில் மோட்டாரை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால், பிரஷ் தேய்ந்த ஸ்டார்ட்டர் ஒரு முறை உயிர்பெறலாம். மேனுவல் கியர் வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால், வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் முனைகளை இணைப்பது உயிருக்கு உலை. கியரில் இருந்தால் வண்டி அப்படியே ஆளின் மேல் ஏறிவிடும்.

மேட்டில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வந்துவிட்டால், பழுதைத் தள்ளிப்போடுகிறோம் என்றே பொருள். மழைக்காலம் தொடங்கும் முன் வயர்மேனிடம் காட்டி, சோலினாய்டைத் திறந்து செப்புத் தகடுகளைப் பார்க்கச் சொல்வது நல்லது. ‘முழு மோட்டாரையும் மாற்ற வேண்டும்’ என்று அவர் சொன்னால், எந்தப் பாகம் கெட்டது என்று கேட்டு, அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.