வாட் பார்க்கும் முன் ஓம் பாருங்கள்



வீட்டில் 5.1 சரவுண்ட் ஒலி அமைப்பு வைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஓம். மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4, 6, 8 ஓம்களில் கிடைக்கின்றன. இந்த எண் குறையக் குறைய, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் கூடும்.

8 ஓமுக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்ளிஃபையர் சூடேறும்; சில நேரம் தானாக நின்றுவிடும்; பழுதாகவும் கூடும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் பக்க இணைப்பாகக் கொடுத்தாலும் கணக்கு 4 ஓம்தான்.

அடுத்தது உணர்திறன்; அதாவது, கொடுக்கும் வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. இதை டெசிபலில் குறிப்பார்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வருகிற சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்டிலேயே வந்துவிடும்.

வாட் குறைந்த ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரைக் கெடுக்காது என்று நினைக்க வேண்டாம். அதன் சக்திக்கு மீறிச் சத்தத்தைக் கூட்டினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்; ஒலி கரகரக்கும். அப்படியே தொடர்ந்தால், உச்ச ஸ்தாயி ஒலிகளைத் தரும் ட்வீட்டரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.

முன்பக்கத்து இடது, நடு, வலது ஸ்பீக்கர்கள் மூன்றும் ஒரே வரிசைத் தயாரிப்பாக இருக்கட்டும். அப்போதுதான் வசனம் இடமிருந்து வலம் நகரும்போது குரலின் தன்மை மாறாது.

வாங்கும் முன், ஆம்ப்ளிஃபையரின் பின்புறமும் ஸ்பீக்கரின் பின்புறமும் அச்சிட்டிருக்கும் ஓம் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலி கரகரத்தால், உடனே சத்தத்தைக் குறையுங்கள்.