நட்சத்திரம் தொங்காத வீடு

கிறிஸ்து பிறப்பு விழா நாட்களில் கோபாலபுரத்துத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று குடில் காண்பது நமக்கு இனிய வழக்கம். நவராத்திரியில் கொலுவுக்கு நம்மை அழைக்கும் அண்டை வீட்டாரும் பிள்ளைகளோடு வந்து பாலன் இயேசுவைக் கண்டு மகிழ்கின்றனர்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை. வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியும், மாடும் கழுதையுமே இருந்தன. இல்லந்தோறும் குடில் அமைக்கும் நல்வழக்கத்தைப் போற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் மடல் வரைந்ததும் அவ்வூரிலேயே.

ஆகவே, விளக்குகளை எண்ணி இல்லங்களை மதிப்பிடுதல் வேண்டா. துக்கத்தால் இவ்வாண்டு நட்சத்திரம் தொங்கவிடாத, பலகாரம் சுடாத வீடும் நம் தெருவில் உண்டு. அதைக் கடந்து போகாமல், பலகாரத் தட்டோடும் ஆறுதல் மொழியோடும் முதலில் அங்கே நுழைவோம். இடையர்கள் தேடிச் சென்றதும் அலங்காரமற்ற தொழுவத்தை அன்றோ!