கோப்புகள் தங்கும் இடம்



வாவிக்கரையில் வாழும் நாம் கார்த்திகை பிறந்ததும் நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றுவோம். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட முதியோர் காணி உறுதிகளைத் தகரப் பெட்டியிலிட்டு உயரத்திலே வைப்பர். ஆனால் கணினியில் எழுதுவன எங்கே சென்று தங்குகின்றன என்று நம்மில் எத்தனை பேர் வினவியதுண்டு?

விண்டோஸ் கணினியில் நாம் இடம் குறியாவிடின், செயலிகள் பலவும் ‘டொக்கியுமென்ட்ஸ்’ என்னும் கோப்புறையையே நாடும். அதுவோ, பெரும்பாலும் இயங்குதளம் குடியிருக்கும் ‘சி’ பிரிவிலேயே உள்ளது. தளம் பழுதுற்று அப்பிரிவைத் துடைத்து மீள நிறுவினால் நம் கோப்புகளும் உடன் அழியும். முன்பு நான் பணியாற்றிய பாடசாலையொன்றில் மூன்று தவணைப் புள்ளிகள் இவ்வாறே மறைந்தன; ஆசிரியர்களின் புள்ளிக் கொப்பிகளைத் தேடியெடுத்து இரவிரவாக மீண்டும் பதிந்தோம்.

பரிகாரம் எளிது. அக்கோப்புறையின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘புரொப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘லொகேஷன்’ பகுதியில் ‘மூவ்’ என்பதைத் தெரிந்து, ‘டி’ பிரிவில் புதிதாக அமைத்த ஒரு கோப்புறையைக் காட்டுக. பிரிவு முழுவதையும் காட்டிவிடலாகாது. பின்னர் மீட்பது பெருந்தொல்லை. பழைய கோப்புகளையும் நகர்த்தவோ என்று கணினி வினவும், ஆம் என்க. ‘செட்டிங்ஸ்’ வழியாக மாற்றுவோர் ஒன்றை அறிக: அம்மாற்றம் இனி எழுதுவனவற்றுக்கே, பழையன இருந்த இடத்திலேயே கிடக்கும்.

இரு பிரிவுகளும் ஒரே வன்தட்டிலிருப்பின், தட்டு கெட்டால் இரண்டும் போம். ஆதலின் வெள்ளிதோறும் ஒரு பிரதியை வேறு தட்டில் எழுதிச் செங்கலடியில் என் தமக்கையார் வீட்டுக்கு அனுப்பி வைக்கின்றேன்.