தவறியது காலா, ஏணியா?

இரண்டாவது மாடியில் பூச்சு வேலை. கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏணியருகே வந்து நிற்கிற சித்தாளைப் பார்த்து மேஸ்திரி ஒரு குரல் கொடுப்பார்: “பாத்து ஏறுக்கா.” தமிழ்நாட்டின் சின்னக் கட்டட வேலைகளில் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று உண்டென்றால் பெரும்பாலும் அது இந்த இரண்டு சொல்தான். அந்த அக்கா விழுந்துவிட்டால் மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும். அதில் வேறு இரண்டு சொல் தவறாமல் இருக்கும்: “கால் தவறி.”

ஏறும்போது பொறுப்பு அவர் கண்ணுக்கு; விழுந்த பிறகு பழி அவர் காலுக்கு. நடுவில் ஓர் ஏணி இருந்ததே, அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

அந்த ஏணியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சங்கதி தெரியும். இரண்டு சவுக்குக் கட்டைகள். குறுக்கே ஆணியடித்த துண்டுக் கட்டைகள், சிலவற்றில் கயிற்றுக் கட்டு. போன வேலையில் சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுத்து மிஞ்சியவையாக இருக்கும். யாருடைய ஏணி என்று கேட்டால் வீட்டுக்காரர் கான்ட்ராக்டரைக் காட்டுவார், கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரியோ “அது இங்கயே கெடந்துச்சு சார்” என்பார். சிமெண்டு மூட்டைக்குக் கணக்கு நோட்டு உண்டு, கம்பிக்கு எடைச்சீட்டு உண்டு. நாளெல்லாம் இருபது பேர் ஏறி இறங்குகிற ஏணிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஏணியிலிருந்து விழுகிறவர் ஒற்றை ஆளாக விழுகிறார். அதற்குக் கூட்டம் சேர்வதில்லை. பத்தடி உயரம்தானே என்று தோன்றும். பத்தடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்றே கூடுதலாகிறது. தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். எதையாவது எட்டிப் பிடிக்கலாம் என்று மனம் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவது சகஜம். அதே அடி மேலேறி இடுப்பு முதுகெலும்பையும் உடைத்திருக்கக்கூடும். குதிகால் வலி அதிகம் என்பதால் முதுகை யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிற ஆபத்து இதில் உண்டு.

சரி, ஏணி ஏன் சறுக்குகிறது? நாலுக்கு ஒன்று என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட கணக்கு. ஏணி சாய்ந்து நிற்கும் இடம் பதினாறடி உயரமென்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து நாலடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிடத் தள்ளி வைத்தால் அடி வழுக்கும். ஒட்டி வைத்தால் ஆளோடு பின்பக்கம் சாயும். டேப் எடுக்கத் தேவையில்லை. ஏணியின் அடியில் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டினால் உள்ளங்கை ஏணிப் படியைத் தொட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. நம்மூர்ச் சிக்கல் வேறு: பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் மூன்றடிச் சந்து. அதில் இருபதடி ஏணியை எப்படிச் சாய்த்தாலும் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அந்தச் சந்துக்கு ஏணி ஆகாது, சாரம்தான் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு நாள் கூலி கூடுதல், அதனால் கட்டுவதில்லை.

இன்னொரு பிழை ஏணியின் தலையில். ஏணி எந்தத் தளத்தில் கொண்டுபோய் விடுகிறதோ அதற்கு மேல் ஒரு மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஏணி தள விளிம்போடு முடிந்துவிடுகிறது. சில இடங்களில் அதற்கும் ஓரடி கீழேயே முடிந்துவிடும். மேலே போனவர் பிடிக்க ஏதுமில்லாமல் குனிந்து தளத்தில் கை ஊன்றித் தாவ வேண்டும். இறங்கும்போது இதைவிட மோசம். பின்பக்கமாகக் காலை விட்டுக் காற்றில் படியைத் துழாவ வேண்டும். மேல்முனையைக் கயிற்றால் இறுகக் கட்டுவது, கட்டி முடியும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்வது, ஈர மணல் மேலும் பாலித்தீன் விரிப்பு மேலும் ஏணியை நிறுத்தாமல் இருப்பது, இவை எல்லாம் காசு கேட்காத வேலைகள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏணிகளுக்கென்றே ஒரு பாதுகாப்பு நெறிமுறை வைத்திருக்கிறது: ஐ.எஸ். 3696, இரண்டாம் பகுதி, 1991. மர ஏணிக்கு பெயின்ட் அடிக்கக்கூடாது என்பதும் இத்துறையின் பழைய விதி. அழகாக இருக்கட்டும் என்று அடித்த பெயின்டின் அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் அந்த அக்காவின் பிரச்சினை தீரவில்லை. ஏணியில் இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பதிந்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம். அவருக்கோ தலையில் சும்மாடு, அதன்மேல் ஈரக் கலவை, ஒரு கை சட்டிக்கு. மீதி ஒரு கைதான் ஏணிக்கு. ஒரு காலை அடுத்த படிக்குத் தூக்கும்போது அவரைத் தாங்குவது ஒரு கையும் ஒரு காலும் மட்டும். சேலை முந்தானையையும் சேலைமேல் போட்ட சட்டையின் தொங்கலையும் ஆணித்தலை பிடித்திழுக்கும். இந்த நிலையில் “பாத்து ஏறு” என்பது அறிவுரையே அல்ல. தலையில் சுமை இருப்பவரால் குனிந்து படியைப் பார்க்கவே முடியாது. ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு வாளி இருந்தால் கலவை தானாக மேலே போகும், ஆள் வெறுங்கையோடு ஏறலாம். கிணற்றில் நீரிறைக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

பெயின்டர்கள் கதை தனி. இரட்டை ஏணியின் உச்சியில் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, பொய்க்கால் கட்டியவர் போல ஏணியையே நடக்கவைத்து அடுத்த சுவருக்குப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தை. இறங்கி நகர்த்தி ஏறும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் வித்தை. கீல் தேய்ந்த ஏணி ஒருநாள் கவட்டை விரிக்கும். அலுமினிய ஏணி என்றால் அதற்கும் மேலே மின்கம்பி இருக்கிறது. கிடந்த ஏணியை நிமிர்த்தும்போதுதான் அதன் முனை தெருக்கம்பியைத் தொடுகிறது. எல்லார் கண்ணும் அப்போது அடிப்பகுதியில் இருக்கும்.

ஏணியிலிருந்து படிக்கட்டுக்கு மாறிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பார்கள். கான்கிரீட் படிக்கட்டு தளத்தோடு வார்க்கப்படுகிறது. கைப்பிடியோ கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரம்தான் வருகிறது. இடைப்பட்ட மாதங்கள் முழுக்க ஒரு பக்கம் பள்ளம். விளக்கும் கிடையாது. ஆணியோடு கழற்றிப் போட்ட சென்ட்ரிங் பலகைகளும் கம்பித் துண்டுகளும் அந்தப் படியில்தான் குவியும். இடுப்புயரத்தில் இரண்டு வரிசைச் சவுக்குக் கட்டையை வரிந்து கட்டிவைத்தால் போதும், தற்காலிகக் கைப்பிடி ஆயிற்று. லிப்ட் குழியையும் குழாய்த் துவாரத்தையும் ஆணியடிக்காத ஒட்டுப்பலகையால் மூடிவைப்பது திறந்து வைப்பதைவிடக் கெடுதல். பலகையைத் தூக்குகிறவருக்கு அடியில் குழி இருப்பது தெரியாது.

சட்டம் இதையெல்லாம் பேசாமல் இல்லை. தமிழ்நாடு 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குச் சட்டம் கண்டது; கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. மத்திய அரசு 1996-ல் கட்டடத் தொழிலாளர் சட்டத்தையும், கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் செஸ் சட்டத்தையும் இயற்றியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த இரண்டு மத்தியச் சட்டங்களையும் தமக்குள் எடுத்துக்கொண்டன. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடமும், அதே நேரம் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று புதிய தொகுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையிடப் புகாருக்குப் போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஓட்டை எங்கே என்றால், பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடம் இந்தப் பாதுகாப்புச் சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கிறது. சொந்தக் குடியிருப்பு என்றால் முன்பு 10 லட்சம் ரூபாய்வரை விலக்கு இருந்தது. புதிய தொகுப்பில் அது 50 லட்சம். மேலே சொன்ன சவுக்கு ஏணி பெரும்பாலும் சாய்ந்து நிற்பது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

இழப்பீட்டுச் சட்டத்துக்கோ இந்த ஆள்கணக்கு இல்லை. 1923-ல் பிறந்து, இப்போது அதே தொகுப்புகளுக்குள் சேர்ந்துவிட்ட அந்தச் சட்டம் தொழிலாளியின் கவனக்குறைவை இழப்பீட்டை மறுக்கும் காரணமாக ஏற்பதில்லை. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்பவை மட்டுமே முதலாளி சொல்லக்கூடிய விலக்குகள். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்துவிட்டால் அவையும் செல்லாது. ஆக, “கால் தவறிடுச்சு, நாங்க என்ன செய்ய முடியும்” என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்லப்படுகிற வாதம் தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் நிற்காது.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூரில் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல) 1968 ஜூலையில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கையோடு எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கை போனது பகுதி ஊனம்தானே என்று திரையரங்க உரிமையாளர் உச்ச நீதிமன்றம்வரை போனார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பணம் கொடுக்க வேண்டிய நாள் விபத்து நடந்த நாள்தான், தீர்ப்பு வந்த நாள் அல்ல என்றும் நீதிமன்றம் சொன்னது. மூட்டு உடைந்த கொத்தனாருக்கும் முதுகு போன கம்பி கட்டுபவருக்கும் இன்றும் கைகொடுக்கும் தீர்ப்பு அது.

தொகை எவ்வளவு? மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதவீதம். பழைய 1923 சட்டத்தின்கீழ் 2020 முதல் இந்தக் கணக்குக்கு மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாயாக இருந்தது. நாற்பது வயதுக்கு உரிய எண் 184.17. அந்த உச்சவரம்புக் கணக்கில், அந்த வயதில் இறந்தவர் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய் வர வேண்டும். நடப்பில் என்ன நடக்கிறது? காரியத்துக்குச் செலவாகும் என்று ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கையில் திணித்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேரே கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. அந்தக் கைநாட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இறந்துபோனவரின் மனைவி இதற்காகச் சென்னைக்கு ரயிலேறத் தேவையில்லை, தான் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரும். தொலைபேசி எண் 15100.

விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதால், நடந்திருக்கக்கூடிய ஒருவர் நடக்காமலே போகலாம். கழுத்தும் முதுகும் அசையாமல் கிடந்த நிலையிலேயே விட்டு 108-க்காகக் காத்திருக்க வேண்டும். நகர்த்தித்தான் தீரவேண்டும் என்றால் கதவுப் பலகையில் நாலு பேர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு தரும் இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்தை 1966-ல் உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். விபத்தில் கால்கள் செயலிழந்த பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு (ஏ.ஆர். காப்பி) எழுதும்போது “மாடியிலிருந்து விழுந்தார்” என்று மொட்டையாக எழுத விடக்கூடாது. எந்த வேலையிடம், யாருக்குச் செய்த வேலை, எந்த ஏணி என்று கூடப்போனவர் சொல்லி எழுதவைக்க வேண்டும். காவல் நிலையத்திலும் அப்படியே. கூலி வாங்கிய நோட்டு, கூகுள் பே பதிவு, உடன் வேலை பார்த்த நிமிந்தாளின் தொலைபேசி எண் எல்லாம் பிறகு சாட்சியாகும். ஏணி மட்டும் நிற்காது. போலீஸ் வருவதற்குள் அது இரண்டு துண்டாக அடுப்புக்குப் போயிருக்கும், அந்த இடத்தில் புதுக் கயிறு கட்டிய வேறோர் ஏணி சாய்ந்திருக்கும். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் யாராவது ஒருவர் பழைய ஏணியை அலைபேசியில் நாலு கோணத்தில் பிடித்து, வேலையிடத்துக்கு வெளியே இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அப்போதே அனுப்பிவிட வேண்டும்: அடி நின்ற இடம், சுவருக்கும் அதற்கும் உள்ள தூரம், தலை முடிகிற இடம், ஒடிந்த படி, கட்டாமல் விட்ட முனை.