80,000 ரூபாய் வண்டிக்கு 4,000 ரூபாய்க் காவல்

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நாளொன்றுக்கு 205 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

புது வண்டி எடுக்கிறவர் சீட் கவர், கிராஷ் கார்டு, ஸ்டிக்கர் என்று இரண்டு மூவாயிரத்தை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார். பூட்டு, ஹெல்மெட், இன்சூரன்ஸ் என்று வரும்போதுதான் பேரம் தொடங்குகிறது. 80,000 ரூபாய் ஷோரூம் விலையுள்ள 110 சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்தச் செலவு எதைக் காக்கிறது என்று பார்ப்போம்.

திருடு போனால் திரும்பி வருவது எவ்வளவு?

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் 5 ஆண்டுக்கு 3,851 ரூபாய். ஓராண்டுக்கு என்றால் 714. இது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கானது. வண்டி களவு போனால் இதிலிருந்து ஒரு பைசா வராது. அதற்கு ‘ஓன் டேமேஜ்’ பாலிசி தனியாக வேண்டும்.

அந்தப் பாலிசி இருந்தாலும் கொடுத்த விலை முழுதாகக் கிடைக்காது. வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, வயதுக்கேற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள். 80,000 ரூபாய் வண்டிக்கு அது இப்படி இறங்கும்:

6 மாதம் வரை: 5% கழிவு, 76,000 ரூபாய்
6 மாதம் முதல் 1 ஆண்டு: 15% கழிவு, 68,000
1 முதல் 2 ஆண்டு: 20% கழிவு, 64,000
2 முதல் 3 ஆண்டு: 30% கழிவு, 56,000
3 முதல் 4 ஆண்டு: 40% கழிவு, 48,000
4 முதல் 5 ஆண்டு: 50% கழிவு, 40,000

இதில் சாலை வரி சேராது. 1 லட்சம் ரூபாய்க்குட்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 10%. ஆக, 8,000 ரூபாய் முதல் நாளே கணக்கை விட்டுப் போய்விடுகிறது. ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவருக்குத்தான் அந்த இடைவெளி அடைபடும்.

ஐந்தாவது ஆண்டில் வண்டி களவு போனால் இன்சூரன்ஸ் தருவது 40,000. அதே போன்ற புது வண்டி வாங்க வரியோடு 88,000 வேண்டும். துண்டு விழுவது 48,000. “பழைய வண்டிதானே, எவன் எடுக்கப்போகிறான்?” என்று பூட்டாமல் விடுகிறவர் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். திருடனுக்கு வயது ஒரு பொருட்டில்லை. எந்த ஊர் மெக்கானிக் கடையிலும் விலைபோகும் உதிரி பாகம் உள்ள வண்டி என்றால் அவனுக்குப் போதும்.

கம்பெனி தரும் சைடு லாக் ஹேண்டிலுக்குள் நுழைந்து நிற்கும் ஒரு சின்ன இரும்புத் தண்டு, அவ்வளவுதான். பலமான ஆளின் முரட்டு வேகத்தை அது நெடுநேரம் தாங்காது. அதனால் இரண்டாவது பூட்டு ஒன்று வேண்டும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் லாக். டிரம் பிரேக் என்றால் சக்கரத்தையும் அசையாத கம்பம் ஒன்றையும் சேர்த்துக் கட்டும் சங்கிலிப் பூட்டு. டிஸ்க் லாக் போட்டதை மறந்து வண்டியை எடுத்தால் வண்டியோடு சாய வேண்டியதுதான். ஹேண்டிலில் மாட்டும் சுருள் கயிறு அதை நினைவூட்டவே இருக்கிறது.

களவு போனால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்க வேண்டும். புகாரை உடனே கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியிருக்கிறது. கிளெய்ம் செய்யும்போது இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், சாவியை வண்டியிலேயே விட்டீர்களா என்ற கேள்வி முளைக்கும். மாற்றுச் சாவியை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

அப்பா பெயரில் வண்டி

வண்டி உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் அது ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன் என்பது நம் வீடுகளில் சகஜம். அந்த மகனுக்கு இந்த 15 லட்சம் கிடையாது. பின்னால் உட்காருகிறவருக்கும் கிடையாது. அவர்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். ஆண்டுக் கட்டணத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒருவர் மீது மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் லட்சங்கள் வண்டிக்காரரின் தலையில் விழும்.

தலையும் தூரமும்

2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். ஓட்டியவர்கள் 35,692; பின்னால் இருந்தவர்கள் 14,337, அதாவது நாளுக்கு 39 பேர். ஹெல்மெட் அணிவது உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். கிட்டத்தட்ட அதே காசுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, ஐ.எஸ். 4151 தரத்திலான ஹெல்மெட்டே வந்துவிடும். வாரைப் பூட்டாமல் கவிழ்த்துக்கொண்டு போனால் மோதிய நொடியில் ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

அந்த 40-க்குக் காரணம் உண்டு. ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க 1 விநாடி ஆகும் என்று வையுங்கள். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால் 40 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க மொத்தம் 21 மீட்டர். 60 கி.மீ.யில் 40 மீட்டர். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளத்துக்கும் மேல். மழையில் அதே 60-க்கு 50 மீட்டரைத் தாண்டும். தேய்ந்த டயரும் தேய்ந்த பிரேக் ஷூவும் இந்தத் தூரத்தை இன்னும் நீட்டும்.

மொத்தக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், இது தோராயம்:

ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் இரண்டு: 2,400 ரூபாய்
டிஸ்க் லாக் அல்லது சங்கிலிப் பூட்டு: 700
பிரேக் ஷூ, கூலியோடு: 500
வாரன்டி முடிந்த வண்டிக்கு, திருடன் ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுக்கும் மறைவான இக்னிஷன் சுவிட்ச்: 400
கூடுதல்: 4,000

வண்டி விலையில் இது 5 விழுக்காடு. ஐந்தாண்டுக்குப் பிரித்தால் மாதம் 67 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர்கள் சுவிட்சைக் கடைசிக்குத் தள்ளலாம், பூட்டைச் சம்பள நாள்வரை ஒத்திவைக்கலாம். ஓட்டுகிறவரிடம் பெரும்பாலும் ஒரு ஹெல்மெட் இருக்கும். எனவே கையில் 1,200 ரூபாய்தான் இருக்கிறது என்றால், பின் சீட்டில் உட்காருகிறவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்குவதே முதல் செலவு.