ஏமாற்றியவர் யாரோ, தண்டனை மதர்போர்டுக்கு!

சில மாதங்களுக்கு முன் என் சித்தி மகன், யாரோ பயன்படுத்திய மதர்போர்டு ஒன்றை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் பொருத்தினான். எல்லாம் நன்றாகவே இயங்கியது. ஆனால் ஆன்லைன் கேம் ஒன்றில் புதிய அக்கவுண்ட் திறந்தவுடன், இந்தக் கம்ப்யூட்டருக்குத் தடை என்று செய்தி வந்தது. "அண்ணா, நான் இன்னும் ஒரு ஆட்டம் கூட ஆடலையே!" என்றான்.

சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டவும், தானாகவே குறி பார்த்துச் சுடவும் சாப்ட்வேர்கள் உண்டு. இவற்றைப் பயன்படுத்துபவரின் அக்கவுண்ட்டை முடக்கினால், வேறு இமெயில் முகவரியில் உடனே திரும்பி வந்துவிடுவார். எனவே கேம் நிறுவனங்கள் சில, மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றின் அடையாள எண்களைக் குறித்துக் கொண்டு கம்ப்யூட்டரையே தடை செய்கின்றன. மதர்போர்டு கை மாறினால் தடையும் கூடவே போகிறது. ஏமாற்றியவரோ, இந்த எண்களை மாற்றிக் காட்டும் 'ஸ்பூபர்' சாப்ட்வேருடன் மீண்டும் உள்ளே வரப் பார்க்கிறார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டி.பி.எம். மதர்போர்டிலோ ப்ராசசரிலோ அமைந்த பாதுகாப்புப் பகுதி இது. இதன் அடையாளத்தைப் போலியாகக் காட்டுவது கடினம். ஆனால் இதுவும் பொருளைத்தான் அடையாளம் காட்டும், ஆளை அல்ல.

இத்துடன் 'செக்யூர் பூட்' வசதியையும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது நம்பகமான புரோகிராம்களை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு இது. 2020ல் வெளியான வேலரண்ட் கேம், விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் 2021 முதல் இவ்விரண்டையும் கேட்கிறது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்பீல்ட் 6, செக்யூர் பூட் இல்லாமல் இயங்காது.

புதியவர்கள் மாட்டிக் கொள்வது இங்கேதான். கேம் கேட்கிறதே என்று பயோஸ் சென்று கண்டதையும் மாற்றிவிட்டு, விண்டோஸே வரவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. முதலில் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்பர்மேஷன் திறந்து, பயோஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். அதில் 'லெகசி' என்றிருந்தால் பயோஸில் கை வைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எம்.பி.ஆர். அமைப்பிலிருந்து ஜி.பி.டி. அமைப்புக்கு மாற்றிய பிறகே செக்யூர் பூட் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் பேக்கப் கட்டாயம். யு.இ.எப்.ஐ. என்றிருந்தாலும், பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். திடீரென்று அது கேட்கப்படலாம். ஒரு கேமுக்காக இத்தனை பாடா என்று எனக்கே தோன்றும்.

தம்பி கேம் நிறுவனத்திற்கு மூன்று மெயில் அனுப்பினான். மூன்றுக்கும் ஒரே தானியங்கி பதில். கடைசியில் பாதி விலைக்கு மதர்போர்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தான். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ!