ஹெராத் மாணவியர் கற்பித்த பாடம்

ரோபோ என்றதும் பெரிய ஆய்வுக்கூடமும் பெரும் பொருட்செலவும் நம் நினைவிற்கு வருகின்றன. பள்ளி மாணவியர் சிலர் கூடி அதனை உருவாக்க இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரம் விடை கூறுகிறது.

ஹெராத்தில் கணினித் தொழில் நடத்திய ரோயா மஹ்பூப் என்னும் பெண்மணி, 2017ஆம் ஆண்டு அந்நகர மாணவியரைக் கொண்டு ஓர் அணியை அமைத்தார். வாஷிங்டனில் நிகழவிருந்த உலகப் போட்டிக்கு ஆறு மாணவியர் ஆயத்தமாயினர். பிற நாட்டு அணிகளுக்கு உரிய காலத்தில் கிடைத்த உதிரி பாகங்கள் இவர்களுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தன. அமெரிக்க விசாவோ இருமுறை மறுக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே அனுமதி கிடைத்தது. தூய நீரையும் மாசுற்ற நீரையும் குறிக்கும் இருநிறப் பந்துகளை அவர்களது ரோபோ பிரித்தெடுத்தது. துணிவுமிக்க சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தை அந்த அணி பெற்றது.

ஊர் திரும்பிய சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, ஹெராத் பள்ளிவாசலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அணித்தலைவியின் தந்தை உயிரிழந்தார். ஆயினும் அணி கலையவில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, டொயோட்டா கொரோலா காரின் பழைய பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் சுவாசக் கருவி ஒன்றை அம்மாணவியர் வடிவமைத்தனர். 2021இல் ஆட்சி மாறியது. ஆறாம் வகுப்பிற்கு மேல் பெண்மக்களுக்குப் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. அணியினர் பலர் கத்தர் முதலிய நாடுகளில் புகலிடம் தேடினர்.

நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இத்தகைய அணியைத் தொடங்க என்ன வேண்டும்? மாலையில் ஒரு மணி நேரம் உடனிருக்கும் ஆசிரியர் ஒருவர், பொருட்களைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி, ஐந்தாறு மாணவர்கள், இவை போதும். கைத்திறன் உடையவர், கணக்கில் வல்லவர், குறிப்பெழுதுபவர், தயங்காது பேசுபவர் என அணியில் பல திறத்தாரும் இருத்தல் நலம். இரு மோட்டார், இரு சக்கரம், ஒரு பேட்டரி, ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைக் கொண்டு, நேராக ஓடித் திரும்பும் வண்டி ஒன்றை முதலில் செய்யட்டும். ஓடாத நாளில் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும். அணியை நடத்துபவர் மாணவர் கையிலுள்ள திருப்புளியைத் தாம் வாங்கிவிடக் கூடாது. பிழை செய்து திருத்துவதே அவர்களுக்குப் படிப்பு.

பெற்றோரே! உங்கள் பங்கும் இதில் உண்டு. வீடு திரும்பும் நேரத்தை வரையறுங்கள். அழைத்து வர ஏற்பாடு செய்யுங்கள். ஹெராத் மாணவியரின் பெற்றோர், போர் சூழ்ந்த நாட்டிலிருந்து தம் மகளிரைக் கடல் கடந்து அனுப்பி வைத்தனர். உங்கள் மகள் கேட்பதோ மாலையில் ஒரு மணி நேரம். என்ன விடை கூறப் போகிறீர்கள்?